படபடக்கும் நெஞ்சு: உடற்பயிற்சி, உடலுழைப்பு, பதற்றம்

1

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி, வீட்டுக்கு இரண்டாவது மாடிப் படியேறிக்கொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. கை குளிர்ந்துபோச்சு. மூச்சு பத்தவில்லை. இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். இருபது நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மறுநாள் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்பது நல்ல சேதிதான். ஆனால் ஒன்றுமில்லாததற்கா உடம்பு இப்படி ஆடியது என்கிற கேள்வி அதற்குப் பிறகுதான் பெரிதானது. அடுத்து வந்த மாதங்களில் மாடிப்படி ஏறுவதைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதை விட்டேன். வேகமாக நடப்பதைக்கூட விட்டேன். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தாலே பயம்.

கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் போய் நின்றேன். வெளிநோயாளர் பிரிவில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. ஒருவர் சொல்வதை அடுத்தவர் கேட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. நான்கு மாடி ஜவுளிக் கடையொன்றில் கூட்டித் துடைக்கும் வேலை. தூக்கமில்லை, நெஞ்சு அடிச்சுக்குது, எதுக்குன்னு தெரியாம பயமா வருது என்றார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தினம் அரை மணி நேரம் வாக்கிங் போங்கம்மா, பதட்டம் குறையும்" என்றார். அந்த அம்மா சொன்ன பதில் இது:

"காலைல போனா ராத்திரி வரைக்கும் நாலு மாடியும் நடந்துக்கிட்டேதான் சார் கெடக்கேன். நடக்கறதுக்கு எழுதாதீங்க. உக்காரதுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க."

டாக்டர் சிரித்தார். வரிசையில் நின்ற நாங்களும் சிரித்தோம். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அடுத்து நான். எனக்கும் அதேதான்: "தினம் அரை மணி நேரம் வேகமா நடங்க."

எனக்கு அந்த அறிவுரை பலித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அம்மாவின் பதில் நகைச்சுவையல்ல என்பது எனக்கு உறைக்க வெகு நாளாயிற்று. உடல் இயக்கம் பதற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மையானால், நாள் முழுக்க இயங்கிக்கொண்டே இருப்பவருக்குப் பதற்றம் வந்திருக்கவே கூடாது. வந்திருக்கிறது. அப்படீன்னா மருத்துவம் சொல்லும் 'உடல் இயக்கம்' என்பது எது? எந்த உடலின் இயக்கம்? இக்கட்டுரை அதைப் பற்றியது.

2

பதற்றத்துக்குத் தமிழில் இருக்கிற பேச்சு வழக்குகளைப் பாருங்கள். நெஞ்சு படபடக்குது. வயித்தைக் கலக்குது. அடிவயித்துல புளியைக் கரைக்குது. ஈரக்குலை நடுங்குது. கையும் ஓடலை காலும் ஓடலை. துக்கத்துக்கு 'மனசு சரியில்லை' என்கிற நம் பேச்சு, பயத்துக்கு வரும்போது நெஞ்சையும் வயிற்றையும் கைகாலையும்தான் பேசுகிறது. மனம் வேறு உடல் வேறு என்கிற இருமை எதிர்வு இந்தச் சொற்களுக்குள் நுழையவே இல்லை.

மேற்கத்திய உளவியல் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது 1884இல். அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் அந்த ஆண்டு எழுதிய கட்டுரையில் வழக்கமான வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். கரடியைப் பார்க்கிறோம், பயப்படுகிறோம், அதனால் ஓடுகிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஜேம்ஸின் வாதம் வேறு. கரடியைப் பார்த்ததும் உடம்பு எகிறுகிறது, கால் ஓடுகிறது. அந்த மாற்றங்களை உணர்வதற்குத்தான் பயம் என்று பெயர். அடுத்த ஆண்டே டென்மார்க்கின் கார்ல் லாங்கே ஏறத்தாழ இதே கருத்தைச் சொன்னார்.

1927இல் வால்டர் கேனன் இதைக் கடுமையாக மறுத்தார். சண்டையிடவோ தப்பி ஓடவோ உடம்பு தன்னை எப்படித் தயார்படுத்திக்கொள்கிறது என்பதை ஆராய்ந்தவர் அவர். அவருடைய மறுப்புகளில் முக்கியமானது இது: கோபத்திலும் பயத்திலும் காய்ச்சலிலும் குளிரிலும்கூட உள்ளுறுப்புகளில் நடக்கும் மாற்றங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரே மாதிரி மாற்றத்திலிருந்து வெவ்வேறு உணர்ச்சிகள் எப்படிப் பிறக்கும்?

விவாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது இருக்கட்டும். இருவரையும் சேர்த்து வாசித்தால் நமக்கு ஒன்று கிடைக்கிறது. மாடி ஏறினாலும் நெஞ்சு அடிக்கிறது. போலீஸ்காரர் கூப்பிட்டாலும் அடிக்கிறது. பிடித்த ஆள் எதிரே வந்தாலும் அடிக்கிறது. அமைப்பியலின் மொழியில் சொன்னால் படபடப்பு ஒரு குறிப்பான். அதற்கு நிலையான குறிப்பீடு எதுவும் கிடையாது. சூழல்தான் அதற்கு அர்த்தம் தருகிறது. அந்தச் சூழலை எப்போதும் நாமே அமைத்துக்கொள்வதில்லை. நம்மை யார் ஓடச் சொன்னார்கள், எங்கே ஓடுகிறோம், நிறுத்த நமக்கு உரிமை உண்டா என்பதெல்லாம் அந்தப் படபடப்பை நாம் வாசிக்கும் விதத்துக்குள் வந்துவிடுகிறது.

3

உடல் பிரயாசையும் பதற்றமும் மருத்துவத்தில் முதன்முதலாகச் சேர்த்துப் பேசப்பட்ட இடங்களில் முக்கியமானது ராணுவம். இது தற்செயலல்ல. சிப்பாயின் உடல் எப்படி உருவாக்கப்பட்டது என்பதை மிஷெல் ஃபூக்கோ 1975இல் வெளிவந்த, சிறைச்சாலையின் பிறப்பு பற்றிய தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அணிவகுப்பு, கால அட்டவணை, ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அளவு என்று உடலைப் பழக்கி, பணியவும் உழைக்கவும் கூடியதாக ஆக்குகிற ஒழுங்கு அது. அந்த ஒழுங்குக்கு மசியாத உடல் என்ன ஆனது என்பதை மருத்துவ வரலாற்றில் தேட வேண்டும்.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஃபிலடெல்ஃபியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனைக்குச் சிப்பாய்கள் பலர் ஒரே மாதிரிப் புகாருடன் வந்தார்கள். படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, மயக்கம், கொஞ்சம் நடந்தாலே களைப்பு. கேட்டுப் பார்த்தால் இதயத்தில் கட்டமைப்புக் கோளாறு எதுவுமில்லை. அங்கே பணியாற்றிய ஜேக்கப் டா கோஸ்டா 300க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து, 1871இல் இதற்கு 'எரிச்சலுற்ற இதயம்' என்று பெயர் வைத்தார். ஓய்வும் டிஜிட்டாலிஸ் மருந்தும் அவர் தந்த சிகிச்சை. 1870இல் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஆர்தர் மயர்ஸ் இறுக்கமான சீருடையையும் முதுகுச் சுமையின் வார்களையும் குற்றம் சொல்லியிருந்தார். போர் என்கிற விஷயத்தை விட்டுவிட்டுச் சட்டையின் பொத்தான் வரை தேடியிருக்கிறார்கள்.

முதல் உலகப் போரில் இது பிரிட்டிஷ் ராணுவத்தின் பெரிய தலைவலியாயிற்று. இம்முறை தாமஸ் லூயிஸ் எதிர்த்திசையில் போனார். ஹாம்ப்ஸ்டெட் ராணுவ மருத்துவமனையில், பிறகு கோல்செஸ்டரில், படிப்படியாகக் கடினமாகும் உடற்பயிற்சிகளைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார். 'உனக்கு இதய நோய்' என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்தச் சொன்னார். 1918இல் வந்த அவருடைய நூல் இந்நிலையைப் 'பிரயாசை நோய்க்குறி' என்று அழைத்தது. பயிற்சியால் பலர் தேறினார்கள். ஒரு பகுதியினர் பணிக்குத் திரும்பினார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. லூயிஸின் பயிற்சி சிகிச்சை மட்டுமல்ல, தேர்வும்கூட. எந்தப் படிவரை ஒருவன் தாக்குப்பிடிக்கிறான் என்பதை வைத்து அவன் போர்முனைக்கா, லேசான வேலைக்கா, வீட்டுக்கா என்று தீர்மானித்தார்கள். நன்றாக ஓடினால் பதுங்குகுழி. மூச்சிரைத்தால் வீடு. குணமாவதற்குக் கிடைக்கிற பரிசு மறுபடி சாவின் எதிரே போய் நிற்பது என்றால், படபடப்பை அந்தச் சிப்பாயின் உடல் எப்படி வாசித்திருக்கும்? இந்தக் கேள்விக்கு மருத்துவம் நெருங்கி வந்தது இரண்டாம் உலகப் போரின்போது. 1941இல் பால் வுட், இது இதய நோயே அல்ல, பதற்றம் என்றார். பயத்தால் வரும் உடற்குறிகளை இதயக் கோளாறு என்று தவறாகப் புரிந்துகொள்வதும், அதனால் பிரயாசைக்கே அஞ்சுவதும், அந்த அச்சம் மேலும் படபடப்பைக் கிளப்புவதுமான ஒரு சுழலை அவர் விவரித்தார். மாடிப்படியில் நான் மாட்டிக்கொண்ட சுழல் அதுதான்.

சிப்பாயை விட்டுப் பெண்ணுக்கு வருவோம். டா கோஸ்டா இருந்த அதே டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் நரம்புக் காயங்களைக் கவனித்தவர் சைலஸ் வியர் மிட்செல். போருக்குப் பிறகு நரம்புத் தளர்ச்சிக்குப் பேர்போன வைத்தியராகி, 'ஓய்வுச் சிகிச்சை'யை உருவாக்கினார். பெரும்பாலும் பெண்களுக்கு. பல வாரங்கள் படுக்கையில் கிடக்க வேண்டும். எழுதக் கூடாது, படிக்கக் கூடாது, தைக்கக் கூடாது. பாலும் கொழுப்பும் ஊட்டுவார்கள். தசை சூம்பிப் போகாமலிருக்க உடம்பைப் பிடித்துவிடுவார்கள், மின்சாரம் பாய்ச்சுவார்கள். அதாவது பெண்ணின் தசை அசையலாம், ஆனால் அவள் அசைக்கக் கூடாது. 1887இல் இச்சிகிச்சைக்குப் போன சார்லட் பெர்கின்ஸ் கில்மன், கிட்டத்தட்டப் பைத்தியம் பிடிக்கும் நிலைக்கு வந்தபின் அதைக் கைவிட்டுத் தப்பினார். 1892இல் வெளிவந்த அவருடைய 'மஞ்சள் சுவர்த்தாள்' என்கிற கதை அதிலிருந்து பிறந்தது.

இதே மிட்செல் ஆண்களுக்கு என்ன எழுதிக் கொடுத்தார்? மேற்கே போ, குதிரை ஏறு, வேட்டையாடு, திறந்த வெளியில் தூங்கு. 1885இல் அப்படி வயோமிங்குக்கு அனுப்பப்பட்ட ஓவன் விஸ்டர் என்கிற இளைஞர் பிற்பாடு, 1902இல், கௌபாய் நாவல் எழுதிப் புகழ்பெற்றார். ஏறத்தாழ ஒரே நோய். ஆணுக்கு இயக்கம், பெண்ணுக்குப் படுக்கை. உடல் இயக்கம் நல்லதா கெட்டதா என்பதை இங்கே உடலியல் தீர்மானிக்கவில்லை. யாருடைய உடல் என்பது தீர்மானித்தது.

4

சரி, வரலாறு இருக்கட்டும். உடற்பயிற்சி பதற்றத்தைக் குறைக்கிறதா இல்லையா? குறைக்கிறது. ஆனால் எப்படி என்பதில்தான் சுவாரசியம்.

1967இல் அமெரிக்காவில் பிட்ஸ், மக்ளூர் என்கிற இருவர், பதற்ற நோயாளிகளின் ரத்தத்தில் சோடியம் லாக்டேட்டைச் செலுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பீதித் தாக்குதல் வந்தது. நோயில்லாதவர்களில் ஓரிருவருக்குத்தான் வந்தது. கடுமையாக ஓடினாலும் உழைத்தாலும் தசையில் உண்டாகி ரத்தத்தில் சேர்வது இதே லாக்டேட். அப்படியானால் பதற்ற நோயாளியை ஓடவிடுவது ஆபத்தல்லவா என்கிற அச்சம் கிளம்பியது. ஆனால் நோயாளிகளை உண்மையிலேயே ஓடவைத்துப் பார்த்தபோது பீதி வந்தது அரிதாகத்தான். அதே வேதிப்பொருள்தான். ஊசி வழியாக, காரணம் தெரியாமல் வந்தபோது பீதி. தன் காலால் ஓடி வந்தபோது வெறும் களைப்பு.

இதற்கு ஒரு விளக்கம் 1986இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் கிளார்க்கிடமிருந்து கிடைத்தது. பீதி என்பது உடற்குறிகளைப் பேரழிவாக வாசித்துவிடுவது. படபடப்பை மாரடைப்பு என்றும், மூச்சிரைப்பை மூச்சடைப்பு என்றும், தலைசுற்றலைப் பைத்தியத்தின் தொடக்கம் என்றும் வாசிப்பது. அந்த வாசிப்பு மேலும் படபடப்பைக் கூட்ட, கூடிய படபடப்பு வாசிப்பை மெய்ப்பிக்கிறது. எனவே சிகிச்சை, வாசிப்பை மாற்றுவது. அதற்காக வேண்டுமென்றே அந்தக் குறிகளைக் கிளப்புகிறார்கள். நாற்காலியில் சுற்றிவிடுவது, மெல்லிய குழாய் வழியாக மூச்சுவிடச் சொல்வது, நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வது. நெஞ்சு அடிக்கும், ஒன்றும் ஆகாது. மறுபடி அடிக்கும், மறுபடியும் ஒன்றும் ஆகாது. உடம்பு மெதுவாக இன்னொரு அர்த்தத்தைக் கற்றுக்கொள்கிறது.

உடற்பயிற்சி செய்கிற வேலையும் பெருமளவு இதுதான் என்று தோன்றுகிறது. 2004இல் நடந்த ஓர் ஆய்வில், உடற்குறிகளைக் கண்டு மிகவும் அஞ்சுகிறவர்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு நடந்தது, மற்றது ஓடியது. இருபது நிமிஷம் வீதம் ஆறு முறை. இரு குழுவுக்கும் பதற்ற உணர்திறன் குறைந்தது. ஆனால் உடல் உணர்வுகள் மீதான பயம் குறைந்தது ஓடியவர்களுக்கு மட்டுமே. நெஞ்சு அடிக்கும்படி ஓடியவர்கள்தாம் நெஞ்சு அடிப்பதற்குப் பயப்படாமலிருக்கப் பழகினார்கள்.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் ப்ரூக்ஸும் சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். பீதி நோயுள்ள 46 பேர், பத்து வாரம். ஒரு குழுவுக்கு ஓட்டம், ஒரு குழுவுக்கு குளோமிப்ரமின் மாத்திரை, ஒரு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஓட்டம் வெற்று மாத்திரையைவிடத் தெளிவாகப் பலன் தந்தது. மாத்திரையோ ஓட்டத்தைவிடச் சீக்கிரமும் கூடுதலாகவும் பலன் தந்தது. ஓட்டக் குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பாதியில் விலகினார்கள். மாத்திரைக் குழுவில் யாரும் விலகவில்லை. 'மருந்தே வேண்டாம், ஓடினால் போதும்' என்று பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

'என்டார்ஃபின் சுரக்குது, அதான் சந்தோஷம்' என்று ஒரு விளக்கம் நம்மிடம் ரொம்பப் பிரபலம். ரத்தத்தில் சுரக்கும் என்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. 2015இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது, ஓட்டத்துக்குப் பின் அவற்றின் பதற்றம் தணிந்தது. என்டார்ஃபின் வேலைசெய்யும் ஏற்பிகளை அடைத்தபோதும் தணிந்தது. உடம்பிலேயே சுரக்கும், கஞ்சாவை ஒத்த பொருள்களின் ஏற்பிகளை அடைத்தபோதுதான் தணியவில்லை. வேதியியல் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அது மட்டுமே பதிலென்றால், நாலு மாடி ஏறி இறங்கும் அம்மாவுக்கும் அந்தப் பொருள் சுரந்து நிம்மதி வந்திருக்க வேண்டுமே.

5

விஸ்கான்சினில் பார்க், மார்கன் இருவரும் 1978இல் வெளியிட்ட ஓர் எளிய பரிசோதனை இந்த இடத்தில் உதவும். 75 ஆண்கள். மூன்று குழு. ஒரு குழு இருபது நிமிஷம் நடைப்பொறியில் நடந்தது. இன்னொன்று தியானம் செய்தது. மூன்றாவது ஒன்றுமே செய்யாமல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முடிவு? மூன்று குழுவுக்கும் பதற்றம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. மூன்றுக்கும் பொதுவாக இருந்தது இருபது நிமிஷம், அன்றாடத் தொல்லையிலிருந்து விலகி, யாரும் கூப்பிடாத இருபது நிமிஷம். நீண்டகாலப் பயிற்சியின் பலனை இதைக்கொண்டு மறுத்துவிட முடியாது, பின்னால் வந்த ஆய்வுகள் அதைக் காட்டியிருக்கின்றன. ஆனாலும் உடற்பயிற்சி என்று நாம் சொல்வதற்குள் 'தனக்கான நேரம்' என்கிற ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதை இது வெளியே இழுத்துப் போட்டது.

2008இல் லெஷர், ஜோன்ஸ் இருவரும் எலிகளை வைத்துச் செய்தது இன்னும் நேரடியானது. சில எலிகள் விரும்பியபோது சக்கரத்தில் ஓடலாம், விரும்பியபோது நிற்கலாம். மற்ற எலிகள் ஓடவைக்கப்பட்டன. ஓடிய மொத்தத் தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான். கட்டாயத்தின் பேரில் ஓடிய எலிகளின் மூளையில் புது நரம்பணுக்கள் கூடுதலாகவே இருந்தன, ஆனால் பதற்ற நடத்தையும் கூடுதலாக இருந்தது. எலியை வைத்து மனிதருக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் மனிதரை வைத்து எழுதியதும் இருக்கிறது. 2017இல் வெளிவந்த, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மறுஆய்வு, உடல் இயக்கத்தை அது நடக்கும் இடத்தை வைத்துப் பிரித்தது. ஓய்வு நேர இயக்கம் நல்ல மனநலத்தோடு சேர்ந்து வருகிறது. வேலையிடத்து இயக்கம் மனநலக் குறைவோடு சேர்ந்து வருகிறது. வீட்டு வேலைக்கு எந்தப் பக்கமும் தெளிவான தொடர்பு இல்லை.

இது தொடர்பு மட்டுமே, காரணமல்ல என்று ஒருவர் மறுக்கலாம். கடன், சம்பளம், வேலை போய்விடுமோ என்கிற பயம் எல்லாம் நடுவில் இருக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அவற்றைக் 'குழப்பும் காரணிகள்' என்று கழித்துவிட்டால் மிஞ்சுகிற 'சுத்தமான இயக்கம்' உலகத்தில் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு முதலாளியோ முதலாளி இல்லாத விடுதலையோ கூடவே நடந்து வருகிறது.

உடலியலாகவும் இதற்குக் காரணம் உண்டு. டென்மார்க்கின் ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் போன்றவர்கள் இதய நலத்தை முன்வைத்து இதை விளக்கியிருக்கிறார்கள். உடற்பயிற்சி குறுகியது, தீவிரமானது, அதற்குப் பிறகு ஓய்வு உண்டு. வேலையிடத்து இயக்கம் மணிக்கணக்கில் நீளுவது, இதயத்துக்குப் பயிற்சியாகும் அளவு தீவிரமற்றது, நின்றே கிடப்பதும் சுமை தூக்குவதும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை உயர்த்தியே வைப்பது. உடம்பு மீள நேரம் கிடைப்பதில்லை. எப்போது நிறுத்தலாம் என்பதும் உழைப்பவர் கையில் இல்லை. ஓட்டத்தில் நெஞ்சு ஏறி அடித்து, பிறகு இறங்குகிறது. அந்த இறக்கத்தில்தான் உடம்பு 'ஒன்றும் ஆகவில்லை' என்று படிக்கிறது. நாள் பூரா நடக்கிற உடம்புக்கு அந்த இறக்கமே வருவதில்லை. பாடத்தின் முதல் பாதி மட்டும் திரும்பத் திரும்ப நடக்கிறது.

6

நம்மூருக்கு வருவோம். 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கடையில் வேலைசெய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். கேரளம் 2018இலேயே இதைச் செய்தது. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே கழிக்கிறவர்கள், பெரும்பாலும் பெண்கள், உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. 2023இல் அதே அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் கண்டு மக்களை நடக்க அழைத்தது.

இரண்டும் நல்ல காரியங்கள்தான். கிண்டல் செய்யச் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்தே கிடக்கிற உடல்களை நடக்கச் சொல்வது ஒன்று. நின்றே கிடக்கிற உடல்களை உட்கார அனுமதிப்பது இன்னொன்று. முதலாவது 'நலம்' என்கிற சொல்லாடலுக்குள் வருகிறது, இரண்டாவது 'தொழிலாளர் பிரச்சினை' என்கிற சொல்லாடலுக்குள் போய்விடுகிறது. பதற்றத்துக்கு மருந்து எழுதும் மேசைக்கு முதலாவதுதான் வந்து சேர்கிறது. உட்காரும் உரிமையும் மனநல விஷயம்தான் என்று அந்த மேசைக்கு யாரும் சொல்லவில்லை. வரிசையில் நின்ற அந்த அம்மா மட்டும் சொன்னார்.

அப்படீன்னா உழைக்கிறவங்களுக்கு உடற்பயிற்சி தேவையில்லைன்னு சொல்றியா என்று கேட்பீர்கள். அதுவல்ல. தேவையில்லை என்று சொல்வது மிட்செலின் படுக்கைக்கே திரும்பிப் போவது. சுவீடனின் கோதன்பர்கில் நடந்து 2022இல் அச்சான ஆய்வில், பதற்ற நோயுள்ள 286 பேரில் ஒரு பகுதியினருக்கு வெறும் அறிவுரை தந்தார்கள். மற்றவர்கள் பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம், பயிற்சியாளர் ஒருவரோடு குழுவாகப் பயிற்சி செய்தார்கள். பல வருஷமாகப் பதற்றத்தோடு வாழ்ந்தவர்களுக்கும் அது தெளிவாகக் குறைந்தது. மிதமாகச் செய்தவர்களுக்கும் குறைந்தது, கடினமாகச் செய்தவர்களுக்கும் குறைந்தது. அறிவுரை மட்டும் பெற்றவர்கள் அந்த அளவு தேறவில்லை. அங்கே தந்தது உடற்பயிற்சி மட்டுமல்ல. நேரம், இடம், கூட ஆட்கள், சொல்லித்தர ஒருவர். நம் மருத்துவமனைகளில் தருவது அந்த ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவுக்குத் தந்ததை. அதாவது, அறிவுரையை.

அரை மணி நேர நடைக்கு என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விடிகாலை அரை மணி நேரம் வேண்டும், அந்த நேரத்தில் அடுப்பை வேறு யாராவது பார்க்க வேண்டும். நாய் துரத்தாத, ஆள் உரசாத தெரு வேண்டும். 'இந்த வயசுல எங்க கெளம்பிட்ட' என்று கேட்காத வீடு வேண்டும். எனக்கு இவையெல்லாம் இருந்தன. இருந்ததே எனக்குத் தெரியாமல் இருந்தது.

நான் படிக்கட்டில்தான் தொடங்கினேன். மாரடைப்பு இல்லை என்று ஏற்கெனவே பரிசோதித்திருந்ததால் தைரியம். நெஞ்சுவலிக்காரர் யாரும் அந்தப் பரிசோதனையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். முதல் வாரம் பத்துப் படி. நின்று, நெஞ்சு அடிப்பதைக் கேட்டு, அது இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பிறகு இருபது. இரண்டு மாதத்தில் மொட்டைமாடி வரை. இப்போதும் சில ராத்திரிகளில் படபடப்பு வருகிறது. வந்தால், இது படியேறியபோது வந்த அதே படபடப்புதான் என்று உடம்புக்குத் தெரிகிறது. பாதி நேரம் அது போதுமானதாக இருக்கிறது.

இதில் எனக்கு உதவியது ஏறியது மட்டுமல்ல. ஏறியபின் படியில் உட்கார்ந்ததும்தான். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. அந்த அம்மா கேட்டது இந்த இரண்டாம் பாதியை. முதல் பாதி அவரிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது.